கண்டனூர் வெக்கை அறையும் என் வலது முழங்காலும்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழையும் நிறைய வரும். நம் படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு இதைப் படி எடுக்கிறவர் மன்னிக்க வேண்டும், திருத்திக்கொள்ளவும் வேண்டும். பழநி போனவர்களும் ராமேசுவரம் போனவர்களும் இதில் எழுதியிருக்கிறார்கள். நான் போனது ஏறக்குறையப் பத்து மைல்தான். ஆனால் எட்டு வாரத்தில் பன்னிரண்டு தடவை போனேன். அதில் போன காரியம் நடந்தது ஏழு தடவை. மீதி ஐந்து தடவையும் நடந்ததை வாயால் சொன்னால் எனக்குக் கோர்வையாக வராது. அதனால் எழுதுகிறேன்.

போன காரணம் என் வலது முழங்கால். இரண்டு வருடமாக மடங்கவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் முழங்காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி நிற்கும். வயலில் நின்று சமாளித்துவிடலாம். ஆனால் மூத்த மகள் வள்ளிக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தோம். மணையில் முக்கால் மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டியவன் நான். என் அண்ணன் இதைத் தெரிந்துகொண்டு, "தம்பிக்கு முடியலைன்னா மணையில நான் உக்காந்துக்கிறேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வரப்புத் தகராறில் எனக்கும் அவருக்கும் நாலு வருடமாகப் பேச்சு இல்லை. பெற்றவன் நிற்க, பேசாத அண்ணன் உட்கார்ந்து என் பிள்ளையைத் தாரை வார்ப்பதா? இந்த நினைப்பிலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை.

புரட்டாசியில் கண்டனூர் சேவுகன் செட்டியார் வீட்டுக்கு ஒரு வண்டி விறகு கொண்டுபோய்ப் போட்டேன். செட்டியார் மர வியாபாரத்துக்காகப் பல சீமை போனவர். நான் காலை இழுத்து நடப்பதைப் பார்த்து, "இந்த விறகு எதுக்குன்னு நினைக்கிறீரு? உம்ம கால் மாதிரி காலுக்குத்தான்" என்று உள்ளே கூட்டிப்போனார். வடக்கே பனி பெய்கிற தேசத்தில் குடியானவன் வீட்டில்கூட ஒரு வெக்கை அறை இருக்குமாம். அதற்குச் சவுனா என்று பெயராம். அதைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டின் பின்பக்கம் மூன்றாம் கட்டு முற்றத்தில் ஒன்று கட்டி வைத்திருந்தார். பணம் எதுவும் வேண்டாம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு என்றார். புதனும் சனியும் ஆக வாரம் இரண்டு தடவை, மொத்தம் பன்னிரண்டு தடவை தவறாமல் வர வேண்டும். ஒரு தடவை தவறினாலும் கணக்கு திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும்.

1973 அக்டோபர் 10, புதன். காலை ஆறு மணிக்கு அரியக்குடியில் பஸ் ஏறினேன். காரைக்குடி மூன்று மைல், இருபது பைசா. அங்கே அறந்தாங்கி பஸ்ஸுக்கு மாறி, சாக்கோட்டை தாண்டிப் புதுவயலில் இறங்க நாற்பது பைசா. கண்டக்டர் எங்கே போகிறேன் என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது. சொல்லிவிட்டேன்.

"அட, வேகுறதுக்கா போறீக?" என்றார் அவர், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. "நம்ம ஊருல சித்திரை வெயிலு சும்மாவே கெடைக்குதே! அதுக்கு டிக்கெட் வேற எடுக்குறீகளா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சாக்கோட்டை வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். இப்போது அவருக்குப் பதில் எழுதுகிறேன். வெயிலில் நாம் வேலை செய்கிறோம். மண்டையில் காய்கிறது, நாக்கு வறள்கிறது, உடம்பு களைத்துப் போகிறது. அந்த அறையில் வேலை கிடையாது. சூடு நாலா பக்கமும் ஒரே சீராக இருக்கும். கால் மணிக்குள் வெளியே வந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓய்வெடுக்கிறோம். வெயிலில் காய்வதும் இதுவும் ஒன்று என்று சொல்கிறவர் ஒரு தடவை உள்ளே உட்கார்ந்துவிட்டுப் பேசட்டும்.

புதுவயலிலிருந்து கண்டனூர் ஒன்றரை மைல் நடை. ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தேன். தெருவின் இரண்டு பக்கமும் கோட்டை மாதிரி வீடுகள். பத்து வீட்டுக்கு ஏழு வீடு பூட்டு. செட்டியார் வீட்டிலும் மகள் கல்யாணத்துக்காகத்தான் ஆட்கள் வந்து தங்கியிருந்தார்கள். இல்லாவிட்டால் மதராஸ்தான்.

அறை பத்தடிக்கு எட்டடி. உள்ளே தரை தவிர எல்லாம் பர்மாத் தேக்குப் பலகை. ஒரு மூலையில் இரும்பு அடுப்பு, அதன் மேல் கருங்கல் உருண்டைகள் குவித்திருக்கும். விறகு வைப்பதும் புகை போவதும் சுவருக்கு வெளியே. உட்கார மேலும் கீழும் இரண்டு வரிசைப் பலகை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தள்ளினால் வெளிப்பக்கம் திறக்கும். "தலை சுத்துனா யாரையும் கேக்காதீரு, எந்திரிச்சு வெளியே போயிரும்" என்பதுதான் செட்டியார் சொன்ன முதல் பாடம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். நெஞ்சு நோய்க்காரர், காய்ச்சல்காரர், குடித்துவிட்டு வந்தவர் யாரையும் உள்ளே விட மாட்டார்.

துண்டோடு கீழ்ப் பலகையில் உட்கார்ந்தேன். முதல் இரண்டு நிமிடம் மூக்குக்குள் சூடு ஏறியது. பிறகு கழுத்தில், முதுகில், நான் வேர்க்கும் என்று நினைத்திராத முழங்கை மடிப்பில் எல்லாம் நீர் ஓடியது. செட்டியார் ஒரு அகப்பை தண்ணீரைக் கல் மேல் ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி எழுந்து உடம்பு முழுக்கப் போர்வை போல விழுந்தது. பத்து நிமிடத்தில் வெளியே வந்து, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டு, உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, முற்றத்துக் காற்றில் உட்கார்ந்தோம். இப்படி மூன்று சுற்று.

என்னோடு உட்கார்ந்தவர் புதுவயல் தையல்காரர் காதர் பாய். மிஷினில் குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டவர். நான் வெட்கப்பட்டு மூலையில் ஒடுங்குவதைப் பார்த்து, "நல்லா சாஞ்சு உக்காருங்கண்ணே. இங்க சட்டை போட்டவன் யாரு இருக்கா, வெக்கப்படுறதுக்கு? எனக்குத்தான் நஷ்டம், ஊரே இப்படி இருந்தா நான் யாருக்குத் தைக்கிறது?" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தம் போட்டுச் சிரித்தேன்.

பலனைச் சொல்கிறேன். செட்டியார் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு, சர்க்கரை வியாதி முதல் வழுக்கைத் தலை வரை எல்லாம் போகும் என்று படிப்பார். அவர் தலையே வழுக்கைதான். அதையெல்லாம் நான் எழுத மாட்டேன். என் உடம்பில் கண்டதை மட்டும் எழுதுகிறேன். முதல் நாள் பலன் அன்றைக்கு மட்டும்தான், மறுநாள் கால் பழைய கால்தான். மூன்றாம் தடவைக்குப் பிறகு படுத்தால் விடியும் வரை தூக்கம் கலையவில்லை. நாலாம் தடவைக்குப் பிறகு, காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்து நடக்கிற கால் மணி நேரம் இல்லாமல் போனது. சூடு ஆறுவதற்குள் முழங்காலை மெல்ல மெல்ல மடக்கிப் பழகச் சொன்னார் செட்டியார், அதையும் செய்தேன். தீபாவளி வாரத்தில்கூடத் தவறவில்லை. ஏழாம் தடவை, அக்டோபர் 31 அன்று, சம்மணம் போட்டு முழங்காலுக்கும் தரைக்கும் நடுவே விரலை வைத்து அளந்தேன். ஒரு சாண் இருந்தது மூன்று விரலாகக் குறைந்திருந்தது. வீட்டில் என் மனைவி செல்லம் அதைத் தானும் ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

தவறாமல் வர வேண்டும் என்ற சட்டம் எவ்வளவு கறார் என்பதற்கு ஒரு உதாரணம். காதர் பாய்க்கு ஒரு சனிக்கிழமை லேசான காய்ச்சல். தவறக் கூடாது என்று பயந்து வந்துவிட்டார். செட்டியார் தொட்டுப் பார்த்து, உள்ளே விட மாட்டேன் என்றார். நியாயம். உடனே நோட்டை எடுத்து, "அடுத்த தடவை ஒண்ணு" என்று எழுதினார்.

"காய்ச்சலோட வந்தாலும் குத்தம், வராட்டியும் குத்தமா?" என்றார் பாய்.

"உடம்புக்குத் தயவு தாட்சண்யம் தெரியாது பாய். விட்டா விட்டதுதான்."

அன்றைக்கு எனக்குச் செட்டியார் மேல் மரியாதைதான் வந்தது. சட்டம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நவம்பர் 3, சனி. விடாமல் மழை. புதுவயலிலிருந்து நனைந்துகொண்டே நடந்து, எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மூன்றாம் கட்டில் பெரிய ஜமுக்காளம் விரித்து இருபது முப்பது பெண்கள் அப்பளம் இட்டுக்கொண்டிருந்தார்கள். வெக்கை அறைக் கதவு திறந்திருந்தது. நானும் பாயும் உட்காருகிற பலகை முழுக்க, மேலும் கீழும், வெள்ளை வேட்டி விரித்து வடகம் காய்ந்துகொண்டிருந்தது.

மகளுக்குச் சீர்ச் சாமானோடு வடகம், வற்றல், மோர்மிளகாய் என்று தகரம் தகரமாக அனுப்புவது அவர்கள் வழக்கம். மழையில் எதுவும் காயவில்லை. வீட்டுக்குள்ளேயே ஈரமில்லாத சூட்டோடு ஒரு அறை இருப்பதை விசாலாட்சி ஆச்சி, செட்டியாரின் சம்சாரம், கண்டுபிடித்துவிட்டார்கள்.

"வாங்க, வாங்க. நனைஞ்சுட்டீகளே! காப்பி சாப்பிடுங்க" என்றார்கள் ஆச்சி. "இன்னைக்கு ரூமு இல்லை."

செட்டியார் தூண் ஓரமாக நின்று நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. நான் என்ன செய்தேன்? காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கேட்க வேண்டியதெல்லாம் வரிசையாக வந்தது. செட்டியார் மேல் இருந்த கோபத்தைவிட என் வாய் மேல் இருந்த கோபம் பெரிதாக இருந்தது.

நவம்பர் 7, புதன். அன்றைக்கும் வடகம்தான். இந்தத் தடவை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"ஆச்சி, ஒரு பலகை மட்டும் ஒதுக்கிக் கொடுத்தா நாங்க ரெண்டு பேரும் ஒரு ஓரமா உக்காந்துட்டுப் போயிருவோம்."

ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "நல்லாருக்கே! உங்க வேர்வை ஆவியில காஞ்ச வடகத்தையா நான் சம்பந்தி வீட்டுக்கு அனுப்புறது?"

அப்பளம் இட்ட பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் காது சுட்டது. இருந்தாலும் நின்றேன்.

"என் மகளுக்கும் கல்யாணம்தான் ஆச்சி. தையில. கால் மடங்கலைன்னா நான் மணையில உக்கார முடியாது."

ஆச்சியின் முகம் மாறியது. அதை மறைக்காமல் எழுத வேண்டும். "அதை முதல்லயே சொல்லக் கூடாதா? அடுத்த புதனுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துருவேன். நீங்க வாங்க" என்றார்கள். அப்படிச் சொன்னபிறகும் 10ஆம் தேதி சனிக்கிழமை, ஒருவேளை முன்னாலேயே காலியாகியிருக்குமோ என்ற ஆசையில் போனேன். காலியாகவில்லை. மோர்மிளகாய் ஏறியிருந்தது. போக வர ஒரு ரூபாய் இருபது பைசா போனதுதான் மிச்சம்.

நவம்பர் 14, புதன். காலை ஏழே முக்கால். அறை காலி. பலகையெல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஆச்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று மனசுக்குள் வாழ்த்தினேன். செட்டியார், பாய், நான் மூவரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். உள்ளே போனதுமே மூக்கில் லேசாக அரித்தது. புது வெக்கை என்று நினைத்தேன். நன்றாக வேர்க்கத் தொடங்கியதும், செட்டியார் வழக்கம்போல அகப்பைத் தண்ணீரைக் கல் மேல் ஊற்றினார்.

நாலைந்து நாளாக மேல் பலகையில் காய்ந்த மிளகாயின் விதையெல்லாம் கல் உருண்டைகளுக்கு நடுவே உதிர்ந்து கிடந்திருக்கிறது. பலகையைத் துடைத்தவர்கள் கல்லைத் துடைக்கவில்லை. ஆவியோடு மிளகாய்க் காரம் எழுந்தது. கண் போயிற்று. மூச்சு போயிற்று. வேர்வையில் ஊறிய உடம்பு முழுக்கத் தீ பிடித்தது. கதவை யார் தள்ளினோம் என்று தெரியாது. மூன்று பேரும் இருமிக்கொண்டு, நனைந்த துண்டோடு, அத்தனை பெண்களுக்கு நடுவே போய் விழுந்தோம்.

"ஆச்சி! உங்க அடுத்த தட்டு வடகம் நடந்து வருது!" என்றது ஒரு குரல்.

நான் சபையில் எழுந்து பேசாதவன். கல்யாண வீட்டில் பந்தியில்கூட மூலை இலை பார்த்து உட்காருகிறவன். முப்பது பெண்கள் முன்னால் ஒரு துண்டோடு, மூக்கும் கண்ணும் ஒழுக நிற்கிற நிலைமை எனக்கு வந்தது. யாரோ மோரை எடுத்து முகத்தில் ஊற்றினார்கள். ஆச்சிதான். அவர்கள் சிரிக்கவில்லை. கண் திறந்து பார்த்தபோது, செட்டியார் இருமலுக்கு நடுவே நோட்டைக் கையில் எடுத்திருந்தார்.

"இதோட நாலு தடவை விட்டுப்போச்சு. சட்டப்படி அடுத்தது ஒண்ணு."

இதைக் கேட்ட பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை.

"யாரு விட்டது?" என்று கேட்டேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "மழையில நனைஞ்சு நாலு தடவையும் வந்து நின்னவன் நான். நான் விடலை. நீங்கதான் விட்டீக. பாய் காய்ச்சலோட வந்தப்ப ஒண்ணுன்னு எழுதுனீகல்ல, அதே பேனாவால உங்க பேருக்கு நேரா எழுதுங்க. உங்களுக்குத்தான் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும்!"

செட்டியார் நோட்டை மூடினார். "சரி முத்தையா. உமக்கு எட்டுதான். கல்யாணம் முடியட்டும், வாரும்" என்றார்.

பாய் தெருவில் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, எனக்கும் சேர்த்துக் கத்தியிருக்கலாம்ல? எனக்கு இன்னமும் ஒண்ணுதான்" என்றார்.

டிசம்பர் 5, புதன். அவர்கள் வீட்டுக் கல்யாணம் நவம்பர் கடைசியிலேயே முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டுப் போனேன். வாசல் கதவில் என் கை அகலத்துக்குப் பூட்டு. காவல்காரர் மட்டும் இருந்தார்.

"எல்லாரும் மெட்ராஸ் போயிட்டாக."

"எப்ப வருவாக?"

"அடுத்த விசேஷத்துக்குத்தான். அங்குட்டு யாரும் பிள்ளை பெத்தா, காது குத்துக்கு வருவாக."

அந்தத் தெருவில் நின்று நான் பட்ட ஆத்திரத்தை எழுத எனக்குப் படிப்பு போதாது. ஊரில் முதுகு பிடித்தவர், கால் பிடித்தவர் எத்தனை பேர்! உள்ளே தேக்கும் கல்லும் அடுப்பும் ஒரு குறையும் இல்லாமல் கிடக்கின்றன. இந்த வைத்தியத்தின் பலனெல்லாம் விடாமல் செய்வதில்தான் இருக்கிறது என்று வாய் ஓயாமல் சொன்னவரே, ஒரு கடிதம்கூடப் போடாமல் பூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு மாதம் விட்டதில் என் முழங்கால் மூன்று விரலிலிருந்து மறுபடி ஆறு விரலுக்கு வந்துவிட்டது. உடம்புக்குத் தயவு தாட்சண்யம் தெரியாது என்று அவர் சொன்னது உண்மை. செட்டியாருக்கும் தெரியவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காரைக்குடி வரும் வரை கோபம். அங்கே பஸ் மாறும்போது, பனி தேசத்தில் குடியானவன் வீட்டில்கூட இது உண்டு என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. நானும் குடியானவன்தானே? தேக்கா கேட்கிறது என் கால்?

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் கொல்லையில் மண் சுவர் எழுப்பினேன். ஆறடிக்கு ஐந்தடி. உள்ளே வேப்பம் பலகை, மேலே பனங்கைச் சட்டம் பாவி மண் பூசிய கூரை. அடுப்பு வாயும் புகைப் போக்கியும் வெளியேதான். புகை உள்ளே வந்தால் ஆளைக் கொன்றுவிடும் என்பதால் அதில் மட்டும் கொத்தனாரை வைத்துக்கொண்டேன். செட்டியார் வைத்த சட்டம் எல்லாம் இங்கேயும் உண்டு. சாப்பிட்டுவிட்டு வரக் கூடாது, கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, மோர் குடிக்காமல் யாரும் போகக் கூடாது. இன்னொரு சட்டம் நானே சேர்த்தது. கல் அடுப்பு இருக்கிற அறைக்குள் மிளகாய் வரக் கூடாது.

செல்லம் வெள்ளிக்கிழமைகளில் தெருப் பெண்கள் நாலைந்து பேரோடு உட்காருகிறாள். புதனும் சனியும் ஆண்கள். காதர் பாய் பஸ் ஏறி இங்கே வருகிறார். கையில் நோட்டு ஒன்றும் இல்லை, ஆனால் யார் எத்தனையாவது தடவை என்று எல்லாருக்கும் தெரியும். மார்கழியில் ஒரு சனிக்கிழமை, எல்லாரும் போன பிறகு, கொல்லை வேலி ஓரம் யாரோ நிற்பது தெரிந்தது. என் அண்ணன். காலை இழுத்து நடந்து வந்தார்.

"அடுப்பு அவிஞ்சுருச்சா?" என்றார். நாலு வருடத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

கீழ்ப் பலகையில் உட்கார வைத்தேன். அவரால் சம்மணம் போட முடியவில்லை. என்னைவிட மோசம். இந்தக் காலை வைத்துக்கொண்டுதான் மூன்று மாதமாக, தம்பிக்கு முடியாது நான் உட்காருகிறேன் என்று ஊரெல்லாம் பேசியிருக்கிறார்! வாய் வரை வந்தது. பன்னிரண்டு தடவை தவறாமல் வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

தை மாதம் வள்ளி கல்யாணத்தில் நான்தான் மணையில் உட்கார்ந்தேன். முழங்கால் தரையைத் தொடவில்லை, இரண்டு விரல் இருந்தது. முக்கால் மணி நேரமும் வலித்தது. தண்ணீர் வார்த்து முடித்து எழுந்திருக்கும்போது கால் மரத்துப்போய்த் தடுமாறினேன். பின்னால் நின்ற அண்ணன் என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். காதோரம் குனிந்து, "கல்யாண வேலையில போன புதன் வர முடியலை. எனக்கு அடுத்தது ஆறுதானே?" என்றார்.

"ஒண்ணு" என்றேன்.

அரியக்குடி,
1974 பிப்ரவரி 17, ஞாயிறு.